நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது

மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. பத்தொன்பது வருஷமாக அதே ஜன்னலோர நாற்காலி. வருகிறவர்கள் எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். ஊசி யார் கையில் இருக்கிறதோ அவரிடம் வயது பார்த்து உறவு சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது.

இத்தனை வருஷத்தில் ஒரு அலுவலகமும் ஊசியக்காவிடம் கருத்துக் கேட்டதில்லை. கேட்காத வரைக்கும் நன்றாகத்தான் இருந்தாள்.

அவளுடைய மகளுக்குப் பதினாறு வயது. பொதுத்தேர்வு வருஷம். குடியிருந்தது ஒரே அறை. அதற்கு நேர் கீழே வெல்டிங் பட்டறை. காலை எட்டுக்கு அங்கே இரும்பை அறுக்க ஆரம்பித்தால் இங்கே தரை அதிரும், தரை அதிர்ந்தால் மேசை அதிரும், மேசையில் இருக்கிற கணக்குப் புத்தகத்தில் முக்கோணம்கூட நிலையாக நிற்காது. இரண்டு தெரு தள்ளி இளையோர் வாசிப்பு வாரியத்தின் நூலகம் இருந்தது. மாடியில் படிப்பறை. நாற்பது மேசை, மேசைக்கொரு விளக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சத்தமின்மை. மகள் இரண்டு வருஷமாக அங்கேதான் படித்தாள். வருஷத்துக்கொரு முறை அட்டையைப் புதுப்பித்தால் போதும்.

இந்த வருஷம் புதுப்பிக்கப் போனபோது கவுன்டரில் ஒரு நாவலையும் ஒரு படிவத்தையும் கொடுத்தார்கள். குடும்ப வாசிப்பை வளர்ப்பதென்று வாரியம் முடிவெடுத்திருந்ததாம். ஆகவே அட்டை வேண்டுமென்றால், பெற்றோரில் ஒருவர் ‘ஆண்டின் இளையோர் நூலை’ வாசித்துக் கருத்து எழுதித் தர வேண்டும். நாவலின் பெயர் ‘மூடிய ஆய்வகத்தின் மௌனம்’. மர்ம நாவல். அட்டையில் ஒரு பூதக்கண்ணாடி, அதற்குள் ஒரு கண், அந்தக் கண்ணுக்குள் ஒரு சாவி. எழுதியவர் அதே வாரியத்தில் முப்பது வருஷம் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே அவருக்குள் இருந்த எழுத்தாளர் விழித்துக்கொண்டதாகப் பின்னட்டையில் போட்டிருந்தார்கள்.

ஊசியக்காவின் புருஷன் வேன் ஓட்டுகிறவர். படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பிரமாதம்னு எழுதிக் குடுத்துட்டு வா. கல்யாண வீட்டுல சாப்பாடு எப்படின்னு கேட்டா என்ன சொல்லுவ, அது மாதிரி” என்றார்.

நல்ல யோசனைதான். ஆனால் ஊசியக்கா எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து பழகாதவள். சாப்பாட்டு இடைவேளையிலும் பேருந்திலும் நாலு நாள் வைத்து முழுப் புத்தகத்தையும் படித்தாள். இடையிடையே பென்சிலால் கோடுகூடப் போட்டாள்.

கதை இதுதான். ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒரு மாணவி செத்துக் கிடக்கிறாள். அவளுடைய தோழிகள் மூன்று பேர் சேர்ந்து துப்புத் துலக்குகிறார்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் இடது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார், எலும்பு முறிவாம். நாற்பதாம் பக்கத்தில் அதே கையால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பக்கத்து மேசையில் வைக்கிறார். தினமும் நூறு கையைத் தொட்டுப் பார்க்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? இவன்தான் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. மீதி நூற்றெழுபது பக்கத்தையும், அந்த மூன்று பெண்களும் எப்போது கண்டுபிடிப்பார்களோ என்ற கவலையிலேயே படித்து முடித்தாள்.

அது அவளுக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை. அவளை உறுத்தியது வேறொன்று. செத்துப்போன பெண்ணின் அம்மா ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் வருகிறாள். துப்பறிகிற பெண்களிடம் ஒரு சாவியைக் கொடுக்கிறாள். “இது அவள் பையில் இருந்தது” என்கிறாள். போய்விடுகிறாள். அதற்குப் பிறகு அவள் கதையிலேயே இல்லை.

ஊசியக்கா படிவத்தை எடுத்தாள். நிறைகள் என்று பன்னிரண்டு கோடுகள் போட்டிருந்தார்கள். குறைகள் என்பதற்கு எதிரே ஒரே ஒரு கோடு. அதிலும் ‘ஏதுமில்லை’ என்று முன்னதாகவே அச்சடித்திருந்தது. வாசகருக்குச் சிரமம் வைக்கக் கூடாதென்ற நல்லெண்ணம்போலும். அவள் நிறைகளில் எழுத்து பெரிதாக இருக்கிறது, காகிதம் நன்றாக இருக்கிறது என்று எழுதினாள். பிறகு படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் இப்படி எழுதினாள்:

‘கொலை செய்தவர் யாரென்று நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அது போகட்டும். ஒரு பிள்ளை செத்திருக்கிறது. இருநூற்றுப் பத்துப் பக்கத்தில் ஒருவரும் அழவில்லை. அம்மாகூட அழவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அப்படி எந்த அம்மாவும் போகமாட்டாள்.’

கையெழுத்துப் போட்டாள். கருத்து கேட்டார்கள், சொல்லியாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

கவுன்டரில் இருந்த எழுத்தர் நல்ல மனிதர். படிவத்தைத் திருப்பிப் பார்த்ததும் பதறிப்போய் மறுபடி முன்பக்கமாகவே வைத்துவிட்டார். பின்பக்கம் எழுதுவதற்கான பக்கமில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஊசியக்கா, எழுத இடமில்லாததால்தான் அங்கே எழுதினேன் என்றாள். இடமில்லையென்றால் எழுத வேண்டியதில்லை என்றுதானே அர்த்தம் என்று எழுத்தர் கேட்டார். வேறு படிவம் கொடுங்கள், மாற்றி எழுதித் தருகிறேன் என்றாள் அவள். அவளுக்கு ஒன்றும் வீம்பு கிடையாது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு படிவம்தான். மேலும் அவள் பேசிக்கொண்டிருந்தபோதே எழுத்தருடைய கை பழக்க தோஷத்தில் படிவத்தின் மேல் ‘பெறப்பட்டது’ முத்திரையைக் குத்திவிட்டிருந்தது. முத்திரை விழுந்த கருத்தை விழாத கருத்தாக்க வாரியத்தில் யாருக்கும் அதிகாரமில்லை.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. கருத்துச் சீராய்வுப் பிரிவில் ஆஜராக வேண்டும். முடிவு தெரியும்வரை மகளின் படிப்பறை அனுமதி ‘நிலுவையில்’ இருக்கும்.

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாச்சு” என்றார் புருஷன். மகள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தாள்.

சீராய்வு அலுவலர் அம்மாள் ஒருவர். மேசைமேல் மூன்று கண்ணாடி வைத்திருந்தார். படிக்க ஒன்று, பார்க்க ஒன்று, எதிரே இருப்பவர் பேசும்போது கழற்றி வைக்க ஒன்று. ஊசியக்காவை உட்காரச் சொல்லி, மிகுந்த மரியாதையோடு விசாரிக்கத் தொடங்கினார். யார் சொன்னது என்பதுதான் முதல் கேள்வி.

எது யார் சொன்னது என்று ஊசியக்காவுக்கு விளங்கவில்லை.

அலுவலர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். நாவலுக்கு வாரியம் வழங்கிய மர்மச் சான்றிதழ் அதில் இருந்தது. ஐந்து வல்லுநர்கள் கையெழுத்திட்டது. குற்றவாளியை நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் பக்கத்துக்கு முன் சராசரி வாசகர் எவரும் அறிய இயலாது என்று அதில் கண்டிருந்தது. அப்படியிருக்க நாற்பதாம் பக்கத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறதென்றால், உள்ளேயிருந்து யாரோ சொல்லியிருக்க வேண்டும். இரகசியக் கசிவு.

ஊசியக்கா கட்டுப் போட்ட கையையும் குடத்தையும் சொன்னாள். எலும்பு முறிந்தவருக்கு விரலை மடக்கினாலே உயிர் போகும், குடத்தைத் தூக்க முடியாது என்றாள். அலுவலர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஐந்து வல்லுநரும் அந்தக் குடத்தைப் பார்க்கவில்லையே, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று திரும்பவும் கேட்டார். அவர்கள் புத்தகத்தைப் படித்தார்களா என்று ஊசியக்கா கேட்டாள். வெகுளியாகத்தான் கேட்டாள். அலுவலர் சான்றிதழ்க் கோப்பை மூடி ஓரமாக வைத்தார்.

பிறகு அழுகை விவகாரத்துக்கு வந்தார்கள். இதில் அலுவலர் கொஞ்சம் கனிவாகவே விளக்கினார்.

“பாருங்கம்மா, இது இளையோர் நூல். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குக் கொலை இருக்கலாம், ஒண்ணும் தப்பில்ல. துக்கம் இருக்கக் கூடாது. ரெண்டு சதவீதத்துக்கு மேல போனா நாங்க தேர்ந்தெடுக்கவே முடியாது. பிள்ளைங்க மனசு கெட்டுப்போயிடும்.”

“கொலைக்குக் கெடாதாங்க?”

“அது விறுவிறுப்பு.”

தான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்று ஊசியக்கா கேட்டாள். தாராளமாக, அதற்கும் படிவம் உண்டு. அதில் ஒரே கேள்விதான்: ‘மேற்படி தவறான கருத்தைத் தாங்கள் கொண்டதற்குக் காரணம் யாது?’ கீழே மூன்று விடைகள். ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். அறியாமை, உடல்நலக் குறைவு, பிறர் தூண்டுதல்.

அவள் பேனாவை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆய்வுக்கூடத்தில் சர்க்கரை முந்நூறு இருந்தால் முந்நூறு என்றுதான் எழுதுவார்கள். நோயாளி அழுதாலும் அதுதான், டாக்டரின் சொந்தக்காரராக இருந்தாலும் அதுதான். கருத்தை வேண்டாமென்று விட்டுவிட அவள் தயார். அது தவறு என்று எழுத மட்டும் கை வரவில்லை. நாலாவதாக ஒரு கட்டம் போட்டு ‘படித்ததால்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அடுத்த கடிதத்தில் ‘வாசிப்புத் தகுதித் தேர்வு’ என்று போட்டிருந்தது. வேலைக்கு அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனாள். ஒரு தனி அறையில் உட்காரவைத்து, அவள் இதுவரை பார்த்திராத இன்னொரு மர்ம நாவலைக் கொடுத்தார்கள். நாற்பதாம் பக்கத்தில் ஒரு ஊழியர் புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்வார். அவள் குற்றவாளியைச் சொல்ல வேண்டும். சீராய்வு அலுவலர் எதிரே உட்கார்ந்து விதிகளை வாசித்தார். சரியாகச் சொன்னால் அவள் சராசரி வாசகர் அல்ல. ஆகவே அவள் கருத்து செல்லாது. தவறாகச் சொன்னால் முதல் நாவலில் பொய் சொல்லியிருக்கிறாள், அப்போதும் செல்லாது.

“அப்போ நான் எதைச் சொன்னா சரிங்க?”

“அதை முடிவு பண்றது எங்க வேலைம்மா. உங்க வேலை வாசிக்கிறது.”

அவள் வாசித்தாள். கதையில் ஒரு கப்பலில் ஒரு பையன் காணாமல் போகிறான். நாற்பதாம் பக்கத்தில் புத்தகம் பறிபோனது. யாரும் கடத்தவில்லை, பையன் தானாகவே ஒளிந்துகொண்டிருக்கிறான், அவனுக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்று ஊசியக்கா சொன்னாள். ஊழியர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு அலுவலரைப் பார்த்தார். அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த நாவல் போன வருஷத்து ஆண்டு நூல்.

அன்றைய அறிக்கையில் அவள் ‘இயல்பு மீறிய கவனம் உடையவர்’ என்று எழுதினார்கள். அதை நீக்கிக்கொள்ள மருத்துவரிடம் சான்று வாங்கி வர வேண்டும். அவள் வேலை பார்க்கிற மருத்துவமனையிலேயே நரம்பு டாக்டரிடம் போய் நின்றாள். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கவனம் அதிகமாக இருப்பதற்கு இதுவரை மருந்து கண்டுபிடிக்கவில்லை என்றும், உனக்கு அது போய்விட்டால் முதலில் கஷ்டப்படப்போவது என் நோயாளிகள்தான் என்றும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

இதற்குள் ஆறு வாரம் ஓடிவிட்டது. மகளின் மேசையை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அப்பா நிறைகள் பன்னிரண்டு கோட்டையும் நிரப்பி, இடம் போதாமல் தனித்தாளும் இணைத்திருந்தாராம். பட்டறையில் புதிதாக ஒரு இயந்திரம் வந்து இறங்கியது. மகள் மாதிரித் தேர்வில் கணக்கில் முப்பத்தொன்று வாங்கினாள். எழுபதுக்குக் கீழே அவள் வாங்கி யாரும் பார்த்ததில்லை.

மகள் சாதாரணமாக வாயை மூடிக்கொண்டிருக்கிற ரகம் இல்லை. எதைப் பற்றியும் அவளிடம் ஓர் அபிப்பிராயம் இருக்கும். அம்மா வைத்த குழம்பு, அப்பாவின் மீசை, பள்ளித் தலைமையாசிரியரின் உரை, எதிர்வீட்டு நாய் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவாள். அப்பாவின் மீசைக்கு ஐந்துதான் போட்டிருந்தாள். இந்த ஆறு வாரமாக அவள் எதற்கும் மதிப்பெண் போடவில்லை. தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டாள்.

மதிப்பெண் தாள் வந்த அன்று சாயங்காலம் ஊசியக்கா மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“நாளைக்குப் போயி அறியாமைன்னு எழுதிக் குடுத்துடறேன்டி.”

“வேணாம்மா. விடு, நான் பாத்துக்கறேன்” என்றாள் மகள். முகத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை.

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று ஊசியக்கா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் மறுநாளே போகாமல் தப்பித்தோமே என்று உள்ளுக்குள் ஓர் ஆறுதல் வந்துவிட்டது. ஆறுதல் வந்த இடத்தில் கேள்வி நிற்காது.

பத்து நாளில் வந்த கடிதம் முந்தைய கடிதங்களைப் போல இல்லை. கெட்டி அட்டை, ஓரத்தில் தங்கக் கோடு. வாரியத்தின் ஆண்டு விழாவில் ‘இவ்வாண்டின் சிறந்த வாசகர்’ என்று ஊசியக்காவைப் பாராட்டப் போகிறார்களாம். மகளின் அட்டையும் கூடவே இணைத்திருந்தது, இரண்டு வருஷத்துக்குப் புதுப்பித்து. புருஷன் அதை மூன்று முறை படித்தார். கடைசியில் நியாயம் ஜெயித்துவிட்டது, பின்பக்கத்தில் எழுதியதை எவனோ பெரிய மனிதன் படித்திருக்கிறான் என்றார். ஊசியக்காவும் அப்படித்தான் நினைத்தாள். இருக்கிற சேலைகளில் நல்லதை எடுத்து இஸ்திரி போட்டாள். மேடையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் கதையில் வருகிற அந்த அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று வேனில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளை வரிசை வரிசையாக அழைத்து வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் பூதக்கண்ணாடி அட்டை. மேடையில் நாவலாசிரியர் தலையைக் குனிந்து அடக்கமாக உட்கார்ந்திருந்தார். வாரியத் தலைவர் பேச எழுந்தார்.

“பல பேர் எங்கிட்ட கேக்கறாங்க, நீங்க இந்த நாவலைப் படிச்சீங்களான்னு. நான் படிக்கலை. வெளிப்படையாச் சொல்றேன். படிச்சா எனக்குன்னு ஒரு கருத்து வந்துடும். கருத்து வந்துட்டா நடுநிலை போயிடும். இந்த நாற்காலியில பதினோரு வருஷமா உட்கார்ந்திருக்கேன், ஒரு புத்தகத்துக்கும் துரோகம் பண்ணலை. ஒண்ணைக்கூடத் திறக்கலை.”

கைத்தட்டல் எழுந்தது. தலைவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். முன்பெல்லாம் பிள்ளைகள் கண்டதைப் படித்துக் கண்டதை நினைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வாரியம் வந்தபிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒரே புத்தகத்தைப் படித்து ஒரே மாதிரி மகிழ்கிறார்கள் என்று புள்ளிவிவரம் சொன்னார். தொண்ணூற்றொன்பது சதவீதம் பேர் குறை ஏதுமில்லை என்று எழுதியிருக்கிறார்கள். மீதி ஒரு சதவீதத்தையும் திருத்திவிட்டதற்குச் சாட்சியாக இன்றைக்கு ஒரு தாயை மேடைக்கு அழைக்கப்போகிறோம் என்றார்.

சீராய்வு அலுவலர் ஒலிவாங்கிக்கு வந்து ஒரு தாளை விரித்தார். ஊசியக்காவின் பெயரைச் சொல்லி, அவர் மறுவாசிப்புச் செய்து அனுப்பிய கருத்து என்று படித்தார்:

‘முதலில் அவசரத்தில் தவறாக எழுதிவிட்டேன். காரணம் என் அறியாமை. மீண்டும் வாசித்தபோது கடைசிவரை குற்றவாளி யாரென்று என்னால் ஊகிக்கவே முடியவில்லை. அழுகை இல்லாதது இந்த நாவலின் தனிச்சிறப்பு. மகளை இழந்த தாய் அழாமல் சாவியைக் கொடுக்கும் இடம் இளையோருக்குத் தன்னம்பிக்கை ஊட்டுகிறது. என் மகளும் இந்த நூலை வாசித்துப் பயன்பெற்றாள்.’

அடுத்த பதிப்பின் பின்னட்டையில் இது வரப்போவதாக அறிவித்தார். மேடைத் திரையில் அந்தத் தாளையே பெரிதாகக் காட்டினார்கள். கீழே ஊசியக்காவின் கையெழுத்து இருந்தது. விடுப்பு விண்ணப்பங்களில், மதிப்பெண் அறிக்கைகளில் பார்த்துப் பார்த்துப் பழகிய ஒருத்தியால்தான் அவ்வளவு அச்சாக அதைப் போட முடியும்.

ஊசியக்கா மூன்று இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் நேராக மேடையைப் பார்த்துக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் தட்டுகிற தாளத்திலேயே தட்டினாள், கூடவுமில்லை குறையவுமில்லை.

மேடைக்கு அழைத்தார்கள். போனாள். நாவலாசிரியர் எழுந்து நின்று, தன் கையெழுத்திட்ட பிரதியை நீட்டினார். அம்மா அழாமல் போகிற அந்த இடத்தை எழுதும்போது தான் மிகவும் கஷ்டப்பட்டதாகவும், நல்லவேளையாக உங்களைப் போன்ற ஒரு தாய்க்கு அது புரிந்துவிட்டதென்றும் அவள் காதருகே சொன்னார். ஒலிவாங்கியை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்தில் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊசியக்காவுக்கு நாற்பது மேசையும் நாற்பது விளக்கும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. வாயைத் திறந்தாள்.

“நன்றிங்க” என்றாள்.

சுருக்கமாகப் பேசியதற்காகத் தலைவர் தனியாக ஒருமுறை பாராட்டினார்.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. புருஷன் வேனை எடுக்கப் போயிருந்தார். அம்மாவும் மகளும் வாசலோரம் நின்றார்கள். ஏண்டி இப்படிப் பண்ணினே என்று கேட்க ஊசியக்கா நினைத்தாள். ஆனால் மேடையில் நின்று நன்றி சொல்லிவிட்டு வந்தவளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வாய் வரவில்லை. வேறு வழியாகக் கேட்டாள்.

“நீ அந்தப் புத்தகத்தைப் படிச்சியா?”

“படிச்சேன்.”

“உனக்கு எப்படி இருந்துச்சு?”

மகள் திரும்பி அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எதுக்கும்மா? எங்கயாவது எழுதிக் குடுக்கணுமா?”

“இல்லடி. சும்மா. எனக்குச் சொல்லு.”

மகள் அரங்கத்தின் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அங்கே யாருமில்லை.

“நல்லா இருந்துச்சும்மா” என்றாள். “குறை ஒண்ணும் இல்ல.”